டோர்க் கொன்வேர்ட்டர் தானாக அமராது: உண்மை விளக்கம்

ஓட்டோ கியர்பெட்டியை எஞ்சினோடு சேர்த்து போல்ற்றுகளை இறுக்கினால் டோர்க் கொன்வேர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஒயில் மூலம் கியர்பெட்டிக்குக் கடத்தும் பாகம்) தானாகவே உள்ளே சென்று அமர்ந்துவிடும் என்றொரு செய்தி, யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்களின் வட்ஸ்அப் குழுக்களில் பகிரப்பட்டு வருகின்றது. இது தவறானது.

பெரும்பாலான கியர்பெட்டிகளில் கொன்வேர்ட்டர், உள்ளீட்டுத் தண்டின் பற்களிலும், அசையாத ஸ்டேற்றர் தண்டின் பற்களிலும், ஒயில் பம்பை இயக்கும் பகுதியிலும் முழுமையாகப் பொருந்த வேண்டும். அதனை மெதுவாகச் சுழற்றியபடி உள்ளே தள்ளும்போது, அது படிப்படியாக இறங்குவதைக் கையே உணரும். பம்பில் பொருந்தாத நிலையில் போல்ற்றுகளை இறுக்கினால், இறுக்கும் விசை முழுவதும் பம்பின் மீதே இறங்கி அதன் பற்சில்லை உடைக்கவோ உறையில் விரிசலை ஏற்படுத்தவோ கூடும். பம்ப் பழுதானால் ஒயில் அழுத்தம் கிடைக்காது, வாகனமும் நகராது. பல நாள் உழைப்பும் வாடிக்கையாளரின் பணமும் இப்படி வீணாவது மிகவும் வேதனைக்குரியது.

சரிபார்ப்பது கடினமன்று. கியர்பெட்டி உறையின் விளிம்பில் நேரான இரும்புச் சட்டமொன்றை வைத்து, அங்கிருந்து கொன்வேர்ட்டரின் போல்ற் பூட்டும் இடம் வரையான ஆழத்தை அளந்து, அந்த மாதிரிக்குரிய தயாரிப்பாளரின் பழுதுபார்ப்புக் கைநூலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இந்த அளவு மாதிரிக்கு மாதிரி வேறுபடும். உறை, போல்ற்றுகளின் இழுப்பின்றி, எஞ்சினோடு இடைவெளியில்லாமல் சேர வேண்டும். சேர்ந்தபின், பிளெக்ஸ் பிளேட்டில் (எஞ்சினோடு சுழலும் மெல்லிய தட்டு) பூட்டுமுன், கொன்வேர்ட்டர் கையால் தடையின்றிச் சுழல வேண்டும்.

தயவுசெய்து அச்செய்தியை மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தை அனுப்புங்கள்.