பழைய பில்டை ஒரு வெளியீட்டுக்காவது விட்டு வையுங்கள்

பயனர்கள் நிறுவும்படி நான் பொதியாகக் கட்டித்தரும் ஒரு மென்பொருள் திட்டத்தில் நேற்று முன்தினம் நடந்ததை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள். மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் (பில்ட்) பழைய கருவித்தொகுப்பான ஆட்டோடூல்ஸின் கோப்புகள் அனைத்தையும் ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) நீக்கி, அதே வெளியீட்டில் புதிய பில்ட் கருவியான மெசானை மட்டும் வைத்துவிட்டு, காரணம் கேட்டவர்களுக்குப் பழமைவாதிகள் என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். கேட்டவர்களுள் நானும் ஒருவன்.

மெசானை நான் எதிர்க்கவில்லை. ஆட்டோடூல்ஸின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், கணினியில் என்னென்ன உள்ளன என்ற சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்டி முடிக்கும்வரை காத்திருக்கும் எரிச்சல் எனக்கும் தெரியும். நான் கேட்டது, பழையதை ஒரு வெளியீட்டுக்காவது விட்டு வைத்திருக்கக் கூடாதா என்பது மட்டுமே. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 2023இல் 16ஆம் பதிப்பில் மெசானைச் சேர்த்தபோது ஆட்டோடூல்ஸின் பகுதியான ஆட்டோகான்ஃபை நீக்கவில்லை. மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோவுக்கென இருந்த தனி பில்ட் முறையைக்கூட அடுத்த ஆண்டு 17ஆம் பதிப்பில்தான் எடுத்தார்கள்.

இரண்டையும் யார் பராமரிப்பது என்பார்கள். நியாயமான கேள்விதான், புதிய கோப்பு ஒன்றைச் சேர்த்தால் இரண்டு இடங்களில் எழுத வேண்டும், ஓரிடத்தில் மறந்துபோகும். முடிவுத் தேதியை முன்பே அறிவித்துவிட்டால் அந்தச் சுமையைத் தாங்கலாம்.

ஆட்டோடூல்ஸ் ஆபத்தானது என்று காட்ட, எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) புகுத்தப்பட்ட விவகாரத்தை என் முகத்தில் வீசியதைத்தான் ஏற்க முடியவில்லை. 2024இல் அந்தப் பின்கதவைத் திறந்த எம்4 கோப்பு (ஆட்டோடூல்ஸ் பயன்படுத்தும் வகை), எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லாமல் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் ஒளிந்திருந்தது உண்மை. ஆனால் அதே திட்டத்தின் சிமேக் என்ற வேறொரு பில்ட் கருவிக்கான கோப்பிலும் ஒற்றைப் புள்ளியை நுழைத்து, லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி உள்ளதா என்னும் சோதனை எப்போதும் தோற்கும்படி செய்திருந்தார்கள். அந்தப் பின்கதவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட்தான் போஸ்ட்கிரெஸில் மெசான் பணியை முன்னின்று நடத்தியவர். பழைய பில்டை உடன் வைத்துக்கொண்டே நடத்தினார்.

முன்பு ஷெல், மேக், சி கம்பைலர் இருந்தால் போதும். இப்போது மெசானுக்குப் பைத்தான் மொழியும் நிஞ்சா என்ற பில்ட் கருவியும் வேண்டும். சிறிய, பழைய கணினிகளுக்குப் பொதி கட்டுபவர்களுக்கு இது பெரிய வேலை. சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு திட்டம் இப்படித் திடீரென மாறியபோது, ஒரு நூலகம் கிடைக்காவிட்டால் அந்த வசதியையே சத்தமில்லாமல் விட்டுவிடும் தேர்வு இயல்பாக அமைந்திருந்தது. பில்ட் பிழையின்றி முடிந்தது; பயனர்களுக்கு அச்சிடும் வசதி போய்விட்டது. அவர்கள் திட்டி எழுதியது மாற்றியவர்களுக்கு அல்ல, பொதி கட்டிய எனக்கு.

மாற்றுபவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. கூலி வாங்காமல் இத்தனை காலம் அவர்களுடைய மென்பொருளை மக்களிடம் கொண்டுசேர்த்தவர்கள் அவகாசம் கேட்டால், வளர்ச்சிக்குத் தடை என்று சொல்வது வலிக்கிறது. எங்கள் பொதி இப்போது முந்தைய பதிப்பிலேயே நிற்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தால் அவற்றைப் பழைய பதிப்பில் பொருத்தும் வேலையும் இனி எங்களுடையதுதான்.