ரேட்டு பார்க்கிறவன் ஆட்டக்காரன் இல்லை
ஆடினால் கிரிப்டோ காசு கிடைக்கும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு முதலீட்டாளர் வந்தால் ஆட்டக்காரர் தானாக வருவார் என்று ஒரு கட்டுரையில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற அப்படியொரு விளையாட்டில் 2021இல் உள்ளே நுழையவே ஆக்ஸி எனும் டிஜிட்டல் பிராணிகள் மூன்றை விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. ஜெயித்துக் கிடைத்த எஸ்எல்பி டோக்கனை, அதாவது அந்த விளையாட்டின் கிரிப்டோ காசை, ஆளாளுக்கு விற்கப் பார்த்தார்கள், வாங்கப் புது ஆள் குறைந்ததும் விலை படுத்துவிட்டது. 2022 மார்ச்சில் அந்த விளையாட்டின் ரோனின் நெட்வொர்க்கில் நடந்த கிரிப்டோ திருட்டுக்கு முன்பே இந்தச் சரிவு வந்தாயிற்று, பழியைத் திருடன் தலையில் மட்டும் போட வேண்டாம். மன்னார்குடியில் என் அக்கா மகன் குறுவை நெல் விற்ற காசில் பதினைந்தாயிரத்தை இப்படி வேறொரு ஆட்டத்தில் போட்டான். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட "நல்லா இருக்கு மாமா" என்று அவன் சொன்னதில்லை, காலையில் எழுந்ததும் "இன்னிக்கு என்ன ரேட்டு"தான். அதே பையன் மதகுக் கட்டையில் உட்கார்ந்து போனில் காசில்லாத கேரம் ஆடினால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டான்! அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் "நஷ்டத்தை வரியில் கழித்துக்கொள்ளலாம்" என்று எழுதிய நண்பருக்கு: முடியாது. கிரிப்டோ லாபத்துக்கு இங்கே 30 சதவீத வரி, ஒரு டோக்கனின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில்கூடக் கழிக்க விடமாட்டார்கள்.