பிள்ளை ‘பிபிஈ’ படிக்கப் போகிறேன் என்றால் பயப்படாதீர்கள்

போன கிழமை ஒரு தாய் எனக்குப் போன் எடுத்தார். மகன் ஏ லெவல் இரண்டாம் வருடம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பிபிஈ என்று போடப் போகிறானாம். தகப்பன் மூன்று நாளாக அவனோடு கதைக்கவில்லை. “உங்கட மகள் அதைத்தானே படிச்சவ. அது என்ன படிப்பு அக்கா? படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போறது?” என்று கேட்டார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம். போனை வைத்த பிறகும் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது என்று பட்டது. இந்த லண்டனில் இதே யோசனையோடு இன்னும் பல வீடுகள் இருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

பிபிஈ என்றால் பொலிட்டிக்ஸ், பிலோசபி, எக்கனொமிக்ஸ். ஊரில் நாங்கள் அரசறிவியல், மெய்யியல், பொருளியல் என்று சொல்லுவோம். அங்கே மூன்றும் மூன்று துறை. இங்கே மூன்றையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம். இதைத் தொடங்கியது ஒக்ஸ்ஃபோர்ட், 1920இல். அதுவரை அங்கே பெரிய படிப்பு என்றால் கிரேக்கமும் லத்தீனும் பழைய ரோம, கிரேக்க வரலாறும்தான். அதை ‘கிரேட்ஸ்’ என்பார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பழைய மொழிகள் தெரியாத பிள்ளைகளும் இன்றைய உலகத்தைப் படிக்கட்டும் என்று இந்தப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ‘மொடேர்ன் கிரேட்ஸ்’ என்றுதான் அதற்கு முதலில் பெயர் விழுந்தது. இன்றைக்கு யோர்க், வார்விக், டர்ஹம், மான்செஸ்டர் என்று பல இடங்களில் இருக்கிறது. இந்தியாவில் அசோகா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது.

என் மகள் சேர்ந்தது 2020இல். அந்த வருடம் பிபிஈ என்ற மூன்று எழுத்தைக் கேட்டால் எல்லோருக்கும் நினைவு வந்தது ஆஸ்பத்திரியில் போடுகிற பாதுகாப்பு உடை. “நேர்சிங்கோ?” என்று கேட்ட உறவினர்களும் உண்டு. இல்லை என்று விளங்கப்படுத்தினால் அடுத்து வந்த கேள்வி, “ஏன், மெடிசின் கிடைக்கேல்லையோ?” அந்தக் கேள்வி மகளுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். அவள் மெடிசினுக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

இந்தப் படிப்பைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு குற்றச்சாட்டு வரும். இது அரசியல்வாதிகளை வார்க்கிற அச்சு என்று. ஹரோல்ட் வில்சன், எட்வர்ட் ஹீத், டேவிட் கமரன், லிஸ் ட்ரஸ், ரிஷி சுனக் என்று ஐந்து பிரதமர்கள் ஒக்ஸ்ஃபோர்டில் இதைப் படித்தவர்கள். வெளியே பார்த்தால் பெனாசிர் பூட்டோ, இம்ரான் கான், ஆங் சான் சூகி. 2022 செப்டெம்பரில் ட்ரஸ் அரசின் மினி பட்ஜெட் வந்து, அரசுக் கடன் பத்திரங்களின் விலை விழுந்து, சில நாளிலேயே இங்கிலாந்து வங்கி தலையிட வேண்டி வந்தபோது, “பிபிஈ படிச்சவையின்ர ஆட்சியைப் பாருங்கோ” என்று எனக்கே மெசேஜ் அனுப்பினார்கள். குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே மாதிரிப் படித்து, வாரத்துக்கு ஒரு கட்டுரையை விறுவிறென்று எழுதி வாதாடப் பழகியவர்களே ஒரு நாட்டைத் திரும்பத் திரும்ப ஆளுவது நல்லதல்ல. ஆனால் அது அந்த வாசலைப் பற்றிய கேள்வி. யார் உள்ளே போகிறார்கள், யாருக்கு யாரைத் தெரியும் என்ற கேள்வி. அதற்காக எங்கள் பிள்ளைகள் அந்தப் பாடங்களைவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் வீட்டுக் குசினி மேசையில் நடந்த ஒரு விடயம்.

2021 டிசம்பர். மகள் இரண்டாம் வருடம், விடுமுறைக்கு வந்திருந்தாள். நீதி பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். ஜோன் ரோல்ஸ் என்ற அமெரிக்க மெய்யியலாளரை வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்வது இது: ஒரு சமூகத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள், தாங்கள் அந்தச் சமூகத்தில் யாராகப் பிறப்போம் என்று தெரியாமல் போட வேண்டும். பணக்காரனா ஏழையா, எந்த இனம், எந்த ஊர், ஒன்றும் தெரியக்கூடாது. அப்படி ஒரு திரைக்குப் பின்னால் நின்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் சட்டம்தான் நியாயமான சட்டம். அவருடைய பெரிய நூல் வந்தது 1971இல்.

அந்த வருடத்தைக் கேட்டதும் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் 1971 என்றால் தரப்படுத்தல். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு, பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்து வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்த முறை.

என் மூத்த அண்ணா உயர்தரப் பரீட்சை எழுதிய காலம். ஒரே பரீட்சை. மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு வெட்டுப்புள்ளி 229, தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250. அண்ணா எடுத்தது 241. எங்கள் அப்பா சாகும்வரைக்கும் அந்த இலக்கத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அண்ணா பிறகு விஞ்ஞான ஆசிரியராகி, ஊரிலேயே ஓய்வு பெற்றார். இந்தக் கதையை நான் மகளுக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், ஒரு அநியாயத்தின் கதையாக. அன்றைக்கும் அப்படியே சொன்னேன்.

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அம்மா, நீங்கள் யாழ்ப்பாணத்தில பிறப்பீங்களோ முல்லைத்தீவில பிறப்பீங்களோ எண்டு உங்களுக்கே தெரியாது எண்டு வையுங்கோ. அப்ப என்ன சட்டம் போடுவீங்கள்?”

எனக்குக் கோபம்தான் வந்தது. “மாமாவுக்கு நடந்ததைச் சொல்ல நீ என்ன கேக்கிறாய்?” என்று எழும்பிப் போய்விட்டேன். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை. ஏனென்றால் முல்லைத்தீவு எனக்குத் தெரியும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த காலத்தில், அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆறு மாதம் தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். ஆய்வுகூடம் என்று ஒரு அறை. உள்ளே நாலு வாங்கு, திரவம் அளக்கிற கண்ணாடிக் குழாயான பியூரெட் ஒரேயொன்று, அதுவும் நுனி உடைந்தது. இரசாயனச் செய்முறையைக் கரும்பலகையில் படமாகக் கீறித்தான் பிள்ளைகளுக்குக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளியில் ஆளுக்கொரு பியூரெட் இருந்தது. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது 1823இல். படிப்பில் நாங்கள் நூற்றைம்பது வருடம் முன்னுக்கு நின்றவர்கள்.

அடுத்த நாள் நானாகப் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். மூன்று நாள் அந்தக் கட்டுரையோடுதான் போனது. அந்த மூன்று நாளில்தான் இந்தப் படிப்பு என்ன என்று எனக்கு விளங்கியது.

மெய்யியல் செய்தது, நான் ஒன்றாகக் குழைத்து வைத்திருந்த இரண்டு விடயத்தைப் பிரித்துத் தந்தது. மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளியை மாற்றுவது ஒன்று. 1974இல் வந்த மாவட்டக் கோட்டா வேறொன்று. முதலாவதில், வசதியான கொழும்புச் சிங்களப் பிள்ளைக்கும் சலுகை கிடைத்தது, பியூரெட் இல்லாத தமிழ்ப் பிள்ளைக்கும் தடை விழுந்தது. திரைக்குப் பின்னால் நின்று யாருமே அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டாவது அப்படி அல்ல. அதால் மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. எங்கள் வீட்டுக் கோபம் இரண்டையும் ஒரே பெயரில் திட்டிக்கொண்டிருந்தது.

பொருளியல் வேறு கேள்வி கேட்டது. ஏன் இந்தச் சண்டை பல்கலைக்கழகக் கதிரைக்காக வந்தது? 1945இலிருந்து இலவசக் கல்வி. படித்து வெளியே வருகிற பிள்ளைகள் பெருகிக்கொண்டே போனார்கள். தேயிலை, ரப்பர், தெங்கை நம்பிய பொருளாதாரம் அவர்களுக்கு வேலை உண்டாக்கவில்லை. பல்கலைக்கழக இடங்களும் கூடவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் படித்து வேலையில்லாமல் இருந்த கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறில்லை, பெரிய தொழிற்சாலைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. படிப்பும் அரசாங்க உத்தியோகமும்தான் எங்களுக்கு வயல். அப்பா 241ஐச் சாகும்வரை சொன்னதற்கு அர்த்தம் அதுதான்: அவருடைய வயலைப் பறித்திருந்தார்கள். இங்கே லண்டனில் பிள்ளை பிறந்தவுடன் ‘டொக்டர்’ என்று நாங்கள் சொல்வதும் அந்தப் பயத்தின் மிச்சம்தான் என்று எனக்கு அன்றைக்கு முதல் தடவையாகப் பட்டது.

அரசறிவியல் கேட்டது கடைசிக் கேள்வி, மிகக் கசப்பானது. இடம் போதாது என்றால் இடத்தைக் கூட்டலாம். பின்தங்கிய ஊர்ப் பள்ளிகளுக்கு ஆய்வுகூடம் கட்டலாம். அதைச் செய்யாமல் மொழியை ஏன் அளவுகோல் ஆக்கினார்கள்? ஆய்வுகூடம் கட்டப் பணமும் வருடங்களும் வேண்டும். வெட்டுப்புள்ளியை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். தங்களுக்கு வாக்குப் போடாதவர்கள் தலையில் செலவைக் கட்டிவிட்டால் அடுத்த தேர்தலில் ஒரு இழப்பும் இல்லை. இன்றைக்கு அங்கே பெரும்பாலான பீடங்களுக்கு 40 வீதம் தேசியத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரித்து எடுக்கிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ஒரு பாடத்தோடு மட்டும் போயிருந்தால் மகள் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். பொருளியல் மட்டும் என்றால் தட்டுப்பாடு என்று முடித்திருப்பாள். அரசறிவியல் மட்டும் என்றால் பெரும்பான்மைவாதம் என்று முடித்திருப்பாள். இரண்டும் உண்மை. ஆனால் தட்டுப்பாடு இல்லாமல் அந்தப் பெரும்பான்மைவாதத்துக்கு இவ்வளவு பசி வந்திருக்காது. எது அநியாயம் என்று சரியாகச் சொல்லத் தெரியாமல் அதை எதிர்க்கவும் முடியாது.

இதனால்தான் இந்தப் படிப்பில் சேருகிற பிள்ளைகளிடம் நான் ஒன்றைக் கெஞ்சிக் கேட்பேன்: மெய்யியலைக் கைவிடாதீர்கள். ஒக்ஸ்ஃபோர்டில் முதல் வருடம் மூன்றையும் படித்தாக வேண்டும். பிறகு விரும்பினால் ஒன்றை விடலாம். வேறு சில இடங்களிலும் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்ள வழி உண்டு. “வேலைக்கு உதவாது” என்று பிள்ளைகள் கைவிட யோசிப்பது மெய்யியலைத்தான். என் மகளும் யோசித்தாள். அவளைத் தடுத்தது ஒரு கணக்கு. காலநிலை மாற்றம் பற்றி நிக்கலஸ் ஸ்டேர்ன் என்ற பொருளியலாளர் 2006இல் பிரித்தானிய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். வருங்காலச் சேதத்தை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவர, வருடத்துக்கு ஏறத்தாழ 1.4 வீதம் என்ற கழிவை எடுத்தார். அது மிகக் குறைவு என்று பல பொருளியலாளர்கள் சண்டை பிடித்தார்கள். மகள் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினாள்: நூறு வருடம் கழித்து வரப்போகிற 100 பவுண் சேதம், 1.4 வீதத்தில் இன்றைக்கு 25 பவுண். 5 வீதத்தில் 76 பென்ஸ். “அம்மா, இன்னும் பிறக்காத பிள்ளை எங்களுக்கு எவ்வளவு பெறுமதி எண்டதுதான் இந்த இலக்கத்துக்குள்ள பாதி. அதை எக்கனொமிக்ஸ் மட்டும் சொல்லாது” என்றாள். அடுத்த நாள் மெய்யியலை வைத்துக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பினாள்.

உண்மையில் இவை ஒரு காலத்தில் ஒரே படிப்புத்தான். பொருளியலின் தந்தை என்று சொல்லப்படுகிற அடம் ஸ்மித் கிளாஸ்கோவில் கற்பித்தது அறநெறி மெய்யியல். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில் மூன்றிலும் எழுதினார், பாராளுமன்றத்திலும் இருந்தார். அவர் 35 வருடம் வேலை செய்தது கிழக்கிந்தியக் கம்பனியில் என்பதையும் பிள்ளைகள் தெரிந்து வாசிக்க வேண்டும். தனிமனித சுதந்திரத்துக்காக அவ்வளவு அழகாக வாதாடிய மனிதர், ‘முதிர்ச்சி அடையாத’ சமூகங்களுக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கியும் வைத்தார். எங்கள் பிள்ளைகள் அந்த வகுப்பில் இருந்தால்தான் அந்தப் பக்கத்தில் விரல் வைத்துக் கேள்வி கேட்பார்கள்.

வேலையைப் பற்றிக் கேட்ட அந்தத் தாய்க்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இங்கிலாந்தில் மகள் படித்த காலத்துக் கட்டணம் வருடத்துக்கு 9,250 பவுண். கடன் பெரியது, பயம் நியாயமானது. மெடிசின் மாதிரி, முடித்தவுடன் ஒரு வேலை காத்திருக்காது. தேட வேண்டும். சிவில் சேர்விஸ், வங்கிகள், ஆய்வு நிறுவனங்கள், ஊடகம், மேலும் படித்துச் சட்டம் என்று போகிறார்கள். கணக்கில் பயம் உள்ள பிள்ளைக்குப் பொருளியல் கஷ்டமாக இருக்கும். அதை முதலே பிள்ளையோடு உட்கார்ந்து கதையுங்கள். என் மகள் எட்டு மாதம் வேலை தேடினாள். இப்போது ஒரு உள்ளூராட்சிச் சபையில் வீட்டுவசதிக் கொள்கைப் பிரிவில் இருக்கிறாள். யாருக்கு முதலில் வீடு என்று வரிசை போடுகிற வேலை. 55 வீதக் கதை அங்கேயும் வருகிறது என்பாள்.

அந்தக் கட்டுரையை அவள் வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பியிருந்தாள். அண்ணா ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிப்பார். எனக்குச் சரியான பயம். முல்லைத்தீவுப் பகுதியை வாசித்துவிட்டு மனம் உடைந்து போவாரோ என்று. நாலு நாள் கழித்து அவளுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

“நல்லா எழுதியிருக்கிறாய் பிள்ளை. ஒண்டு மட்டும் விட்டிட்டாய். 229, 250 எண்டு எழுதியிருக்கிறாய். எத்தினைக்கு எண்டு எழுதேல்லை. நாலு பாடம், 400 புள்ளி. அதை எழுதாட்டில் வாசிக்கிற வெள்ளைக்காரனுக்கு அந்த 21 புள்ளி எவ்வளவு எண்டு எப்பிடி விளங்கும்?”

அவள் அங்கேயே லப்டொப்பைத் திறந்து திருத்தினாள். அண்ணா போனை வைக்கவில்லை. திருத்திய வசனத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.