தூணுக்கும் சேர்த்து வாடகை கட்டியாச்சு

வணிகக் கண்காட்சி நடத்துகிற புண்ணியவான்களே, ஸ்டால் விற்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் அனுப்புகிறீர்களே, அதில் ஏன் தூண்கள் இருப்பதே இல்லை? மண்டபம் கட்டிய நாளிலிருந்து அவை அங்கேயேதானே நிற்கின்றன?

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். மரச்செக்கில் கடலை, எள், தேங்காய் ஆட்டி விற்கிறோம். கோவையில் ஒரு கண்காட்சியில் ஸ்டால் எடுத்தோம். எந்தக் கண்காட்சி என்பது வேண்டாம், எடுத்தவர்களுக்குத் தெரியும். மூன்றுக்கு மூன்று மீட்டர் இடம், வாடகை 35,000. “இரண்டு பக்கமும் திறப்பு, கார்னர் ஸ்டாலுங்க, கூட்டம் நேரா உங்ககிட்டதான் வரும்” என்று சொல்லி வாங்கிய கூடுதல் பணமும் அதில் அடக்கம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 41,300. நாங்கள் சின்ன வியாபாரிகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறோம், கட்டிய வரியில் ஒரு பைசா கழித்துக்கொள்ள முடியாது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரை கிலோ அளவுக்குப் பருப்பு ஆட்ட வேண்டும். பருப்பு, கூலி, கரண்ட், பாட்டில் எல்லாம் போக லிட்டருக்கு 50 ரூபாய் நின்றால் பெரிய விஷயம். 826 லிட்டர் விற்றால்தான் வாடகைக் காசே கைக்கு வரும். வண்டி வாடகை, ஆட்கள் சாப்பாடு எல்லாம் அப்புறம்.

சரி, நாலு மொத்த வியாபாரி கிடைத்தால் போதும் என்று குட்டி யானையில் டின்களை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால், அந்த இரண்டாவது திறப்பில் ஒரு தூண். ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. அதில் தீயணைப்புப் பெட்டி வேறு. அதன் முன்னால் எதையும் வைக்கக்கூடாது என்று கறாராகச் சொன்னார்கள். அது நியாயம்தான், தீப்பிடித்தால் முதலில் எரிவது எண்ணெய்க்காரன் கடையாகத்தான் இருக்கும். ஆனால் பொருளும் வைக்க முடியாத, ஆளும் நுழைய முடியாத அந்தப் பக்கத்துக்கு எதற்கய்யா கூடுதல் காசு? கேட்டால், “லேஅவுட் மாறுதலுக்கு உட்பட்டது”ன்னு விண்ணப்பத்தின் பின்பக்கம் போட்டிருக்காம். எறும்பு சைஸ் எழுத்தில்.

மதியம் இரண்டு மணிக்கு ஸ்டாலை ஒப்படைப்போம் என்றார்கள். பொழுது சாயும்வரை எங்கள் ஸ்டாலுக்குப் பின்சுவரே வரவில்லை. ஏற்பாட்டு வேலை முடியும்வரை ஏசி போட மாட்டார்களாம். டின் தூக்கிய பையன்களின் சட்டையைப் பிழிந்திருக்கலாம்.

பிளக் பாயிண்ட் கதைதான் உச்சம். வாடகையோடு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூன்று ஸ்பாட் லைட், ஒரு 5 ஆம்ப் பிளக். சின்னச் செக்கு ஒன்றை ஓட்டிக் காட்டப்போகிறோம், 15 ஆம்ப் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பணமும் கட்டியிருந்தோம். எலெக்ட்ரீஷியன் தம்பி பேப்பரைப் புரட்டிவிட்டு, “லிஸ்ட்ல உங்க நம்பர் இல்லீங்கண்ணா, ஆபீஸ்ல கேளுங்க” என்றார். ஆபீஸில் கேட்டால், “மின்சாரம் காண்ட்ராக்ட்காரர் பொறுப்புங்க.” காண்ட்ராக்ட்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் கையில் 1,500 ரூபாய் கொடுத்த பிறகு எங்கிருந்தோ வயர் வந்தது, பிளக் வந்தது, கரண்டும் வந்தது. பில் மட்டும் வரவில்லை! வாடகைக்கு வரியோடு கணக்காக வசூலித்தவர்களுக்கு இதில் மட்டும் ரசீது புத்தகம் தொலைந்துபோய்விடுகிறது.

அலுமினியக் கம்பிக்கு நடுவே சொருகியிருக்கும் அந்த வெள்ளைப் பலகையில் ஆணி அடிக்கக்கூடாது, இருபக்க டேப் ஒட்டக்கூடாது, கறை பட்டால் பலகைக்கு இவ்வளவு என்று அபராதம். அப்படியானால் பேனரை எப்படித்தான் மாட்டுவது? கொக்கியும் சங்கிலியும் போட்டுத் தொங்கவிட வேண்டுமாம். அதுவும் அவர்களிடமே கிடைக்கும், விலைக்கு.

வெறும் தரையாக நூறு சதுர மீட்டர் எடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. சொந்த ஆசாரி, சொந்த எலெக்ட்ரீஷியன், வாசலை ஒட்டிய இடம். மிச்சமிருக்கும் சந்துபொந்துகளை நிரப்பத்தான் நாங்கள். மொத்த வியாபாரிகள் வருவார்கள் என்றார்களே, வந்தது யார் தெரியுமா? குலுக்கல் கூப்பனை எங்கே போட வேண்டும் என்று கேட்டவர்களும், பை தருவீர்களா என்று கேட்டவர்களும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஊர் முழுக்க “வாங்க, பரிசு வெல்லுங்க” என்று விளம்பரம் செய்தால் அவர்கள்தான் வருவார்கள். நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி மோந்து பார்த்து, எள் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்ட ஓரிருவரோடும் பேச முடியவில்லை. பக்கத்தில் வீட்டுமனை விற்கிறவர் கையில் மைக்.

கடைசி நாள் சாயங்காலம், வாடிக்கையாளர் பில் போட நிற்கும்போதே விளக்கை அணைத்துவிட்டார்கள். சரி, கிளம்பலாம் என்றால் கேட் பாஸ் வேண்டுமாம். பாக்கி எதுவும் இல்லை என்று அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் நம் டின்னை நாம் வெளியே எடுக்க முடியும். கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். வாசலில் குட்டி யானைக்கு வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.