சுவரொட்டியில் யாரைப் பெரிதாக்கினார்கள்?

ரஷ்யப் புரட்சிக் காலத்துச் சுவரொட்டிகள் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சிவப்பும் கறுப்பும், சாய்ந்து ஓடும் எழுத்துகளும் இன்றைக்கும் வடிவமைப்பு படிப்பவர்களை இழுக்கின்றன. ஆனால் "என்ன ஒரு டிசைன்!" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குறிப்பாக, குஸ்தாவ் குளூட்சிஸ் விஷயத்தில்.

1895-ல் லாத்வியாவில் பிறந்தவர். லாத்வியத் துப்பாக்கிப் படையில் சிப்பாயாக இருந்து, பிறகு மாஸ்கோவில் கலை படித்தார். புகைப்படங்களை வெட்டி, அளவு மாற்றி, சேர்த்து ஒட்டுகிற ஃபோட்டோமாண்டேஜை சோவியத் சுவரொட்டிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். 1930-ல் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக அவர் செய்த ஒரு சுவரொட்டியில் விரிந்த உள்ளங்கை ஒன்று தாள் முழுக்க நிற்கும். அதற்குள் இன்னும் பல கைகள், சின்னச் சின்ன முகங்கள். தலைவர் யாரும் இல்லை. பெரிதாக இருப்பது உழைக்கிறவரின் கை.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பெர்லினில் இன்னொரு ஃபோட்டோமாண்டேஜ் கலைஞரான ஜான் ஹார்ட்ஃபீல்ட், ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் தேர்தல் சுவரொட்டியில் ஒரு தொழிலாளியின் அழுக்குக் கையைப் பெரிதாக நீட்டியிருந்தார். 1932 அக்டோபரில் அவர் ஏஐஇசட் என்ற இடதுசாரி வார இதழில் வெளியிட்ட படம் இன்னும் கூர்மை. ஹிட்லர் கையைப் பின்னோக்கி மடக்கி சல்யூட் வைக்கிறார். பின்னால் முகம் தெரியாத ராட்சத முதலாளி, அந்தக் கையில் பணக்கட்டை வைக்கிறார். ஹிட்லரின் தலை அந்த ஆளின் வயிற்றைத் தாண்டவில்லை. லட்சக்கணக்கானோர் தன் பின்னால் நிற்பதாகச் சொன்னவரின் பின்னால் நிற்பது எது என்று ஒரே படத்தில் காட்டிவிட்டார்.

சரி, இப்போது குளூட்சிஸின் 1933 சுவரொட்டிக்கு வருவோம். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின் நால்வரும் மலை மாதிரி எழுந்து நிற்க, மக்கள் கீழே பொடிப்பொடியாகத் தெரிகிறார்கள். அதே கத்தரி, அதே பசை. ஒருவர் அளவை மாற்றித் தலைவரைச் சுருக்கினார். இன்னொருவர் மூன்றே ஆண்டுகளில் கையை விட்டுவிட்டுத் தலைகளைப் பெரிதாக்கினார்.

வெட்டின் தடம் தெரிந்தால் நேர்மையான கலை, மறைத்தால் பிரச்சாரம் என்று சிலர் எளிதாகப் பிரிப்பார்கள். அது சரியில்லை. ஹார்ட்ஃபீல்டும் ஒட்டுத் தெரியாதபடி டச்சப் செய்துதான் அச்சுக்குக் கொடுத்தார். யார் பெரிதாகத் தெரிகிறார், அதனால் யார் சிறுத்துப்போகிறார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன். ஹார்ட்ஃபீல்டையும் புனிதராக்க வேண்டாம். அவருடைய கத்தரி ஸ்டாலின் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் ஆட்சிக்கு வந்துவிட்ட எதிரியைத் தொடர்ந்து தாக்கினார். 1933-ல் ஹிட்லரின் எஸ்எஸ் படை ஆட்கள் வீட்டுக்குள் புகுந்தபோது தப்பி, பிராகாவுக்குப் போய் அங்கிருந்தும் அதே வேலையைச் செய்தார்.

தலைவர்களைப் பெரிதாக்கியது குளூட்சிஸைக் காப்பாற்றவில்லை. லாத்வியர்களைக் குறிவைத்த கைது அலையில் 1938 ஜனவரியில் பிடிபட்டார். பிப்ரவரி 26 அன்று மாஸ்கோவுக்கு அருகே பூத்தவோவில் சுட்டுக் கொன்றார்கள். அவர் மனைவி வலென்டினா குலகினாவும் சுவரொட்டிக் கலைஞர்தான். அவரிடம், கணவர் 1944-ல் மாரடைப்பால் இறந்ததாகச் சொன்னார்கள். வலென்டினா 1987-ல் காலமானார். உண்மை வெளிவந்தது 1989-ல்.

குளூட்சிஸ் கொல்லப்பட்ட அதே காலத்தில் இன்னொரு சோவியத் கலைஞரான ரோட்சென்கோ, தானே வடிவமைத்த உஸ்பெகிஸ்தான் ஆல்பத்தின் சொந்தப் பிரதியில், ஸ்டாலின் ஆட்சியில் களையெடுக்கப்பட்டவர்களின் முகங்களை மையால் அழித்தார். அந்தப் பக்கங்களைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது.

இந்தச் சுவரொட்டிகளை மாட்டுகிற அருங்காட்சியகங்களிடம் நான் கேட்பது இதுதான். 1930-ன் கையையும் 1933-ன் தலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வடிவமைப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுங்கள். அதோடு, செய்தவரை எந்த அரசு, எந்தத் தேதியில் கொன்றது என்பதையும் அதே எழுத்தளவில் எழுதுங்கள்.