பாசல் மக்கள் போட்ட ஓட்டையும் சொல்லுங்கள்
ரோஷ் மருந்து நிறுவனக் குடும்பத்தின் பணம்தான் சுவிட்சர்லாந்தின் பாசலை அருங்காட்சியக நகரமாக்கியது என்று கட்டுரை சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நிறுவனர் மகன் இமானுவேல் ஹாஃப்மன் பெயரில் அவர் மனைவி மாயா 1933-இல் தொடங்கிய அறக்கட்டளையும், 1996-இல் சிற்பி டிங்குவெலியின் படைப்புகளுக்காக ரோஷ் கட்டிக்கொடுத்த அருங்காட்சியகமும் பெரிய கொடைகள்தான், சரி. ஆனால் அமெர்பாக் குடும்பத்தின் கலைச் சேகரிப்பை நகரமும் பல்கலைக்கழகமும் விலை கொடுத்து வாங்கியது 1661-இல். ரோஷ் தொடங்கியதே 1896-இல்தான். அப்புறம், 'பணக்காரர் மனம் வைத்தால்தான் எதுவும் நடக்கும்' என்று மேலே எழுதியிருப்பவர் 1967-ஐப் பார்க்க வேண்டும். பாசல் கலை அருங்காட்சியகத்துக்கு இரவல் தந்திருந்த 2 பிக்காசோ ஓவியங்களை, பணநெருக்கடியில் இருந்த ஒரு குடும்பம் விற்கக் கிளம்பியது. விலை 84 லட்சம் பிராங்க். அதில் 60 லட்சத்தை அரசுப் பணத்திலிருந்து கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். மக்கள் கொடுக்கலாம் என்றார்கள்! மீதியை நன்கொடையாகத் திரட்டினார்கள். அதற்காகத் தெருவில் இறங்கி விழாவே நடத்தினார்கள். ஒரு நகரமே ஓவியத்துக்காக ஓட்டுப் போட்டதில் நெகிழ்ந்த பிக்காசோ மேலும் 4 படைப்புகளை இலவசமாகக் கொடுத்தார். மாயாவும் தன்னிடமிருந்த பிக்காசோ ஓவியம் ஒன்றை அதன்பிறகுதான் கொடுத்தார்.