பந்து எடுக்க யார் நிற்பது?

விளையாட்டு மக்களை ஒன்றுசேர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அதை நேரில் கண்டவன் நான். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதையும் கண்டிருப்பதால், அந்தச் சொல்லை முழுதாக நம்ப எனக்குத் தயக்கம் உண்டு.

நான் வளர்ந்தது கோத்தகிரிக்கு அருகில். எங்கள் திடல், சரிவை வெட்டிச் சமன்செய்த சிறு இடம். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலை. ஓங்கி உதைத்த பந்து பத்துப் பதினைந்து வரிசைச் செடிகளைத் தாண்டி உருண்டுவிடும். அதை எடுத்துத் தருவதற்கென்றே கீழே, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடுகளின் பையன்கள் நிற்பார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். இங்கேயே பிறந்தவர்களையும் 'சிலோன்காரன்' என்றே அழைத்தோம்; நானும் அழைத்தேன். பந்தை வாங்கிக்கொண்டோமே தவிர, ஒரு நாளும் அவர்களை ஆட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கோல்கீப்பருக்குக் கை முறிந்தபோது, பயிற்சி அளித்த ஆசிரியர் எங்களைக் கேட்காமலேயே அந்தப் பையன்களில் ஒருவனைக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார். சரிவில் பந்தை மறித்து மறித்தே பழகியவன் அவன். எதிரில் நிற்பவர் தெரியாத பனிமூட்டத்தில், உதைக்கும் ஓசையை வைத்தே பக்கம் அறிந்து பாய்ந்தான். வென்றதும் சேறு படிந்த அவனைத் தோளில் தூக்கிச் சுற்றினோம். பிறகு ஒருவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனோம். எங்களுக்கு உள்ளே கண்ணாடி டம்ளர். அவனுக்கு வாசலில் பேப்பர் கப். குடித்து முடித்து, அதைக் கசக்கிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எங்களில் ஒருவர்கூட எழுந்து வெளியே போகவில்லை. அன்று எழாமல் உட்கார்ந்திருந்ததற்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்துப் பல்வங்கர் பாலூவைப் பற்றிப் படித்தபோது அந்த பேப்பர் கப்தான் நினைவுக்கு வந்தது. 1876-இல் தலித் குடும்பத்தில் பிறந்த அந்தக் கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர், 1911-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவர் வீசிய பந்தைத் தயங்காமல் கையில் வாங்கிய சக ஆட்டக்காரர்கள் தேநீர் நேரத்தில் உள்ளே அமர, அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. அந்நாளில் மதவாரியாக அணி பிரித்து நடந்த பம்பாய்ப் போட்டிகளில், அவர் ஆடிய இந்துக்கள் அணியின் தலைமை கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923-இல் அது கிடைத்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு பாலூவுக்குத் தலைமை மறுக்கப்பட்டபோது, அவருடைய சகோதரர்கள் ஆட மறுத்து வெளிப்படையாக எதிர்த்து நின்றிருந்தார்கள். வெறும் விக்கெட்டுகளால் அந்தக் கதவு திறந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில், அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்றே வெடி வெடித்துச் சாதியைச் சொல்லி ஏசினார்கள்.

எங்கள் பொங்கல் போட்டிகளில் இன்றும் ஊருக்கு ஓர் அணி, லைனுக்கு ஓர் அணி. பரிசளிக்கும்போது ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறோம். அணி பிரிக்கும்போதோ நம் பழைய எல்லைகளுக்கே சீருடை மாட்டிவிடுகிறோம். ஒரே அணியில் நின்று, ஒருவன் விட்ட பந்தை இன்னொருவன் தடுக்கும்போது உருவாகும் நம்பிக்கை எதிரெதிர் அணிகளாக நின்று கைகுலுக்குவதில் வராது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே வரும் போட்டியில் சீட்டுக் குலுக்கி அணிகளைப் பிரிக்க வேண்டும், தேநீரும் சாப்பாடும் அனைவருக்கும் ஒரே பந்தியில் இருக்க வேண்டும் என்று விழாக்குழுவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அன்று கோல் காத்தவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "கீழே பந்து எடுக்க யாரு நிப்பாங்க?" என்று கேட்டார். எல்லோரும் முறை வைத்து நிற்போம் என்றேன். "அதையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.